மொசார்ட்டின் அக்கா: ஒரு வரவு செலவுக் கணக்கு

டைட்டன் வாட்ச் விளம்பரத்தில் வரும் அந்த இசை ஞாபகம் இருக்கிறதா? ஒரு தடவை கேட்டால் நாள் முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்குமே, அதேதான். அது மொசார்ட்டின் 25வது சிம்பொனி. 1773ல் அதை எழுதியபோது அவருக்கு வயது 17. நான் 17 வயதில் பிளஸ் டூ வகுப்பில் ஜர்னல் என்ட்ரி போடத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன் :-)

எனக்கு இசை ஞானம் எல்லாம் கிடையாது. ராகம் கண்டுபிடிக்கச் சொன்னால் எல்லாமே மோகனம் என்றுதான் சொல்வேன். பி.காம் படிக்கிறவனுக்குத் தெரிந்தது கணக்கு. ஆனால் கொஞ்ச நாளாக மொசார்ட் குடும்பத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறைத்தது. இது ஒரு இசைக் குடும்பத்தின் கதை மட்டும் இல்லை, ஒரு கம்பெனியின் கதையும் கூட. முதலீடு, விளம்பரம், லாபம், தேய்மானம், கடன் எல்லாமே இதில் இருக்கிறது. அந்தக் கம்பெனியில் இரண்டு பிள்ளைகள் வேலை பார்த்தார்கள். ஒருவரை உலகத்துக்கே தெரியும். இன்னொருவர் அவருடைய அக்கா.

பெயர் மரியா அன்னா. வீட்டில் கூப்பிடுவது நானெர்ல்.

முதலீடு

அப்பா லியோபோல்ட் மொசார்ட், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் ஆர்ச்பிஷப்பின் அரண்மனையில் வயலின் கலைஞர். (அப்போது சால்ஸ்பர்க் ஆர்ச்பிஷப் ஆண்ட தனி நாடு.) 1756ல் வயலின் கற்றுக்கொடுப்பது பற்றி அவர் எழுதிய புத்தகம் ஐரோப்பாவில் நல்ல பெயர் வாங்கியது. அவருக்கும் மனைவி அன்னா மரியாவுக்கும் பிறந்த குழந்தைகள் ஏழு. பிழைத்தது இரண்டே இரண்டு. 1751ல் பிறந்த நானெர்ல், 1756ல் பிறந்த வொல்ஃப்காங். ஐந்து குழந்தைகளைப் புதைத்துவிட்டு நிற்கிற ஒரு தகப்பன் என்பதை இந்தக் கதை முழுக்க மறந்துவிடக் கூடாது. இல்லையென்றால் அவரை வில்லனாக்கிவிட்டுச் சுலபமாகத் தாண்டிப் போய்விடுவோம்.

நானெர்லுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அப்பா பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1759ல் அவளுக்காக ஒரு இசை நோட்டு தயார் செய்தார். அக்கா வாசிப்பதைப் பக்கத்தில் இருந்து கேட்டே தம்பிக்கும் ஆசை வந்தது. அதே நோட்டில் இருந்துதான் வொல்ஃப்காங்கும் படித்தான். ஒரு பாடத்தின் கீழே அப்பா குறித்து வைத்திருக்கிறார்: ஐந்தாவது பிறந்தநாளுக்கு முந்தைய இரவு, அரை மணி நேரத்தில் இதைக் கற்றுக்கொண்டான் என்று. தேதி, நேரம் உள்பட! ஸ்டாக் ரிஜிஸ்டர் மாதிரி. பிறகு அந்தக் குழந்தையே சொந்தமாக மெட்டுக்கள் அமைக்க ஆரம்பித்ததும், அவற்றை அப்பா எழுதி வைத்ததும் அதே நோட்டில்தான்.

அதாவது உலகத்தின் மிகப் பெரிய இசை மேதைகளில் ஒருவர் படித்த முதல் புத்தகம் அவருடையது இல்லை, அக்காவுடையது.

வரவு

1762 ஜனவரியில் அப்பா இரண்டு பிள்ளைகளையும் மியூனிக் கூட்டிப் போனார். அதே வருடம் அக்டோபரில் வியன்னா. ஷோன்ப்ருன் அரண்மனையில் பேரரசி மரியா தெரேசா முன்னால் கச்சேரி. பேரரசி பணமும் கொடுத்தார், அரண்மனைக் குழந்தைகளுடைய உடைகளையும் கொடுத்தார். அந்த உடையில் இரண்டு பேரும் நிற்கிற ஓவியங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. சின்ன உடம்பில் பெரியவர்கள் மாதிரி உடுப்பு. பார்த்தால் ஸ்கூல் ஆண்டுவிழாவுக்கு வேஷம் கட்டிவிட்ட குழந்தைகள் மாதிரிதான் இருக்கிறார்கள்.

வியன்னாவிலேயே சின்னவன் காய்ச்சலில் விழுந்தான். அவன் படுத்திருந்த நாட்களில் எத்தனை வீடுகளுக்குப் போக முடியாமல் போனது, எவ்வளவு வருமானம் போனது என்றும் சேர்த்துத்தான் அப்பா ஊருக்குக் கடிதம் எழுதினார். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் பாசமும் கணக்கும் ஒரே கடிதத்தில் இருக்கின்றன.

அந்தக் கடிதங்கள் யாருக்கு என்பது முக்கியம். சால்ஸ்பர்க்கில் அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் லோரன்ஸ் ஹாகெனாவர். அவர் ஒரு மளிகை வியாபாரி. பல ஊர்களில் அவருக்கு வியாபாரத் தொடர்பு உண்டு. அவருடைய கடிதத்தைக் காட்டினால் வெளியூர் வியாபாரி பணம் கொடுப்பார். நம்ம ஊர் உண்டியல் மாதிரி. மொசார்ட் குடும்பத்தின் ஐரோப்பியப் பயணம் இந்தக் கடன் கடிதங்களை நம்பித்தான் நடந்தது. இசை வரலாற்றில் ஒரு மளிகைக் கடைக்காரருக்கும் இடம் இருக்கிறது என்பதில் காமர்ஸ் மாணவனாக எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

1763 ஜூன் 9ல் கிளம்பியவர்கள் திரும்பி வந்தது 1766 நவம்பர் 29ல். கிட்டத்தட்ட மூன்றரை வருடம்! ஜெர்மன் நகரங்கள், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், லண்டன், ஹாலந்து என்று குதிரை வண்டியிலேயே சுற்றினார்கள். கிளம்பும்போது நானெர்லுக்கு 11 வயது, வொல்ஃப்காங்குக்கு 7.

லண்டனில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே கணக்கு ரொம்பத் தெளிவாகத் தெரிகிறது.

1764 ஜூன் 5. முந்தைய நாள் மன்னரின் பிறந்தநாள், அதனால் ஊர் முழுக்கப் பெரிய மனிதர்கள். அப்பா வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த தேதி. டிக்கெட் அரை கினி, அதாவது பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். மூன்று மணி நேரத்தில் 100 கினி வசூல் என்று அப்பா ஆச்சரியப்பட்டு எழுதுகிறார்.

அந்த விளம்பரத்தில் ஒரு சின்ன வேலை நடந்திருக்கிறது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7 வயது என்று போட்டிருந்தார்கள். உண்மையில் 12, 8. ஆடிட்டிங் பாடத்தில் இதற்கு விண்டோ டிரெஸ்ஸிங் என்று பெயர்!

ஏன் அப்படிச் செய்தார்? குழந்தை மேதை என்பது ஒரு விசித்திரமான சொத்து. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதற்குத் தேய்மானம் உண்டு. ஏழு வயதில் அதிசயம், பத்து வயதில் கெட்டிக்காரப் பிள்ளை, இருபது வயதில் வேலை தேடும் இன்னொரு இசைக்கலைஞன். திறமை கூடிக்கொண்டே போகிறது, மதிப்பு குறைந்துகொண்டே போகிறது.

லண்டனிலேயே அது நடந்தது. அடுத்த வருடம் 1765ல் அவர்கள் தங்கியிருந்த வீட்டிலேயே தினமும் மதியம் வந்து பார்க்கலாம் என்று விளம்பரம். கட்டணம் ஐந்து ஷில்லிங். அதற்கும் கூட்டம் குறைந்தபோது ஜூலையில் ஒரு விடுதியின் கூடத்தில் காட்சி. கட்டணம் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். ஒரே வருடத்தில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே! கீபோர்டின் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடி, கட்டைகளைப் பார்க்காமல் இரண்டு பேரும் வாசிப்பார்கள் என்பதும் விளம்பரத்தில் இருந்தது. பேரரசி முன்னால் வாசித்த பிள்ளைகள், கடைசியில் வித்தை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற வழக்கறிஞர் நேரில் வந்து வொல்ஃப்காங்கைச் சோதித்துப் பார்த்தார். முன்பின் பார்க்காத இசைத்தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அப்படியும் வயதில் சந்தேகம் தீரவில்லை. சால்ஸ்பர்க்கில் இருந்து பிறப்புச் சான்று வரவழைத்துப் பார்த்த பிறகுதான் ராயல் சொசைட்டிக்கு அறிக்கை கொடுத்தார். எட்டு, ஒன்பது வயதுப் பையன் தான் ஒரு பையன்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது!

இத்தனைக்கும் நடுவில் நானெர்ல் எப்படி வாசித்தாள்? அப்பாவே லண்டனில் இருந்து எழுதுகிறார், தன் மகள் 12 வயதிலேயே ஐரோப்பாவின் மிகத் திறமையான கீபோர்டு கலைஞர்களில் ஒருத்தி என்று. அப்பா உடல்நலமில்லாமல் படுத்திருந்தபோது சத்தம் போடக் கூடாது என்பதால் வொல்ஃப்காங் தன் முதல் சிம்பொனியை எழுதினான். பக்கத்தில் உட்கார்ந்து பிரதி எடுத்தது அக்கா.

செலவு

1765 இலையுதிர் காலம், தி ஹேக் நகரம். நானெர்ல் கடுமையான காய்ச்சலில் படுத்தாள். பாதிரியார் வந்து சாகப்போகிறவர்களுக்குச் செய்யும் கடைசிச் சடங்கையும் செய்துவிட்டார். அவளுக்கு 14 வயது. அவள் படுக்கையில் கிடந்தபோதும் தம்பி தனியாகக் கச்சேரி செய்தான். அவள் பிழைத்தாள். உடனே தம்பி படுத்தான்.

1767ல் மறுபடி வியன்னா. அம்மை பரவிக்கொண்டிருந்தது. பயந்து ஓல்முட்ஸ் என்ற ஊருக்குப் போனார்கள். அங்கே வொல்ஃப்காங்குக்கு அம்மை வந்தது, சில நாள் கண்ணே தெரியவில்லை. பிறகு நானெர்லுக்கும் வந்தது. இரண்டு பேரும் தப்பித்தது பெரிய விஷயம்.

இந்தச் செலவெல்லாம் எந்த லெட்ஜரில் ஏறும்?

1769 டிசம்பர். அப்பாவும் வொல்ஃப்காங்கும் இத்தாலி கிளம்பினார்கள். நானெர்லுக்கு 18 வயது. கல்யாண வயதுப் பெண் ஊர் ஊராய்ப் போய்க் காசுக்கு வாசிப்பது அந்தக் காலத்துக் குடும்ப கௌரவத்துக்கு ஒத்துவராது. இத்தாலிக்கு மூன்று தடவை போனார்கள். மூன்று தடவையும் அவள் அம்மாவோடு வீட்டில். கம்பெனியின் ஒரு பிரிவை மூடிவிட்டார்கள், அவ்வளவுதான்.

யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. வாசிக்காதே என்று கூடச் சொல்லவில்லை. வீட்டில் வாசிக்கலாம், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. சத்தமே கேட்கவில்லை.

அவள் சொந்தமாக இசை எழுதினாளா? எழுதினாள். 1770ல் இத்தாலியில் இருந்து தம்பி எழுதிய கடிதத்தில், நீ அனுப்பிய பாட்டைப் பார்த்தேன், இவ்வளவு நன்றாக எழுதுவாய் என்று நினைக்கவில்லை என்கிற மாதிரி பாராட்டி, அடிக்கடி எழுது என்றும் சொல்கிறான். அந்தப் பாட்டு நமக்குக் கிடைக்கவில்லை. அவள் எழுதியது எதுவுமே கிடைக்கவில்லை. தம்பியின் படைப்புகளே அக்கா எழுதியவைதான் என்று சிலர் கதை கட்டுகிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. அந்தக் கதை தேவையும் இல்லை. நடந்ததே போதுமான அளவு கனமாக இருக்கிறது.

தம்பிக்கு மட்டும் லாபமா?

அப்படி நினைத்துத்தான் நானும் படிக்க ஆரம்பித்தேன். இல்லை.

1777ல் வேலை தேடி வொல்ஃப்காங் கிளம்பியபோது அப்பாவுக்கு ஆர்ச்பிஷப் லீவு கொடுக்கவில்லை. அதனால் அம்மா கூடப் போனார். போகிற இடத்தில் எல்லாம் பாராட்டு கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. மான்ஹைமில் கச்சேரிக்குப் பணம் வரும் என்று எதிர்பார்த்தால் தங்கக் கடிகாரம் கொடுத்தார்கள். அது அவரிடம் சேர்ந்த ஐந்தாவது கடிகாரம்! கால்சட்டையில் இன்னொரு கடிகாரப் பை தைத்துக்கொள்ளப் போகிறேன், அப்போதாவது அடுத்தவர்கள் கடிகாரம் தரமாட்டார்கள் என்று அப்பாவுக்கு எழுதினார். (டைட்டன் விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வந்து தொலைக்கிறது.)

அப்பாவிடம் இருந்து வந்த பதில் கடிதங்கள் படிக்கவே கஷ்டமாக இருக்கின்றன. உலகம் மறந்துபோகும் சாதாரண இசைக்காரனாகச் சாவதும், பின்னால் வருபவர்கள் புத்தகத்தில் படிக்கும் பெயராவதும் உன் கையில்தான் இருக்கிறது என்பது 1778 பிப்ரவரியில் அவர் எழுதியதன் சாரம். கூடவே வீட்டுக் கடன், வயதாகும் பெற்றோர், கல்யாணமாகாத அக்கா. ஒரு 22 வயதுப் பையன் தலையில் இத்தனையும். என் வயது!

அந்த வருடம் ஜூலை 3ம் தேதி பாரிஸில் அம்மா இறந்துபோனார். அப்பாவிடம் நேரடியாகச் சொல்லத் தைரியம் இல்லாமல், முதலில் ஒரு குடும்ப நண்பருக்கு எழுதி, வீட்டில் பக்குவமாகச் சொல்லச் சொன்னார் வொல்ஃப்காங். அம்மாவின் சாவிலும் அவர் மேல் பழி வந்தது.

1781ல் ஆர்ச்பிஷப்பின் வேலையை உதறினார். அதிகாரி ஒருவர் அவரை உதைத்து வெளியே தள்ளினார். 1782ல் கான்ஸ்டன்சேயைக் கல்யாணம் செய்தார், அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. வியன்னாவில் முதலில் நன்றாகத்தான் போனது. 1784ல் அவருடைய தொடர் கச்சேரிகளுக்குச் சந்தா கட்டியவர்கள் 174 பேர். பெருமையாக அந்தப் பட்டியலை அப்பாவுக்கே அனுப்பினார். ஐந்து வருடம் கழித்து, 1789ல், மறுபடி ஒரு சந்தாப் பட்டியலைச் சுற்றுக்கு விட்டார். இரண்டு வாரம் கழித்து அதில் இருந்த பெயர் ஒன்றே ஒன்று.

174லிருந்து 1. இடையில் துருக்கியோடு போர், பிரபுக்கள் கையில் பணப்புழக்கம் குறைந்தது, ரசனையும் வேறு பக்கம் போனது. அவருடைய இசை மட்டும் குறையவில்லை. கடைசி மூன்று சிம்பொனிகளை 1788ல் ஒரே கோடையில் எழுதினார். அதே கோடையில் புக்பெர்க் என்ற ஜவுளி வியாபாரிக்குக் கடன் கேட்டுக் கடிதமும் எழுதிக்கொண்டிருந்தார். 1791 டிசம்பர் 5ல் இறக்கும்போது வயது 35. (சலியேரி விஷம் வைத்தார் என்பது நாடகத்திலும் சினிமாவிலும்தான்.)

கடைசி இருப்பு

நானெர்லுக்கு 1784ல், 33 வயதில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை இரண்டு முறை மனைவியை இழந்த அரசு அதிகாரி. ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள். ஊர் சாங்க்ட் கில்கன் என்ற ஏரிக்கரைக் கிராமம். அவர்கள் குடியிருந்த வீடு எது தெரியுமா? நானெர்லின் அம்மா பிறந்த அதே வீடு! ஐரோப்பாவின் அரண்மனைகளை எல்லாம் சுற்றி வந்து, கடைசியில் அம்மா புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றாள்.

அவளுக்கு முதல் மகன் பிறந்ததும், அவனை சால்ஸ்பர்க்கில் தாத்தா லியோபோல்டே வைத்து வளர்த்தார். அடுத்த வருடம் வொல்ஃப்காங், தான் வெளிநாடு போகும்போது தன் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டபோது அதே அப்பா மறுத்துவிட்டார். 1787ல் அப்பா காலமானார். அக்காவும் தம்பியும் கடைசியாக நேரில் பார்த்துக்கொண்டது 1783ல். ஒரே வண்டியில் மூன்றரை வருடம் ஐரோப்பாவைச் சுற்றிய இரண்டு பேர், கடைசி எட்டு வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

1801ல் கணவர் இறந்தபின் நானெர்ல் சால்ஸ்பர்க் திரும்பி மறுபடி பியானோ டீச்சர் ஆனார். கடைசிக் காலத்தில் கண் பார்வை போனது. 1829ல் இங்கிலாந்தில் இருந்து நோவெல்லோ தம்பதி அவரைத் தேடி வந்தார்கள். மொசார்ட்டின் அக்கா வறுமையில் வாடுகிறார் என்று கேள்விப்பட்டு, பணம் வசூல் செய்து கொண்டுவந்திருந்தார்கள். உண்மையில் அவர் சிக்கனமாக வாழ்ந்து சேமித்தும் வைத்திருந்தார். அந்த அக்டோபரில், 78 வயதில் காலமானார்.

ஒன்று சொல்ல வேண்டும். தம்பி இறந்தபின் அவருடைய குழந்தைப் பருவம் பற்றி நமக்குத் தெரிந்த பல விஷயங்களை எழுதிக் கொடுத்தவர் நானெர்ல். குடும்பக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தவரும் அவர்தான். மேலே நான் சொன்ன பாதிக் கணக்கு அவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்த காகிதங்களில் இருந்து வந்தது. கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. கணக்குப் புத்தகத்தை மட்டும் அவர் விடவில்லை.

இதையெல்லாம் நான் ஏன் படித்தேன் என்று சொல்லாமல் முடித்தால் அது நேர்மையாக இருக்காது.

எங்கள் வீட்டில் பீரோவுக்கு மேல் ஒரு வீணை இருக்கிறது. பழைய போர்வை சுற்றி வைத்திருக்கிறோம். அக்காவுடையது. ஒன்பது வருடம் கற்றுக்கொண்டாள். கோயில் நவராத்திரிக் கச்சேரியில் அவள் வாசித்தால் தெருவே வந்து உட்காரும். நான் காலேஜ் சேர்ந்த வருடம் அவளுடைய கிளாஸ் நின்றது. என் ஃபீஸ், அவள் கல்யாணத்துக்குச் சீட்டு, இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றுக்கு இடம் இல்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. அக்காவே, எனக்கு டைம் இல்லைப்பா என்று சொல்லிவிட்டாள்.

அவள் நானெர்ல் இல்லை, நான் சத்தியமாக மொசார்ட் இல்லை. ஆனாலும் மனிதவளக் கணக்கியல் வகுப்பில், திறமையை இருப்புநிலைக் குறிப்பில் காட்ட முடியாது, அதற்கு மதிப்பு போட வழி இல்லை என்று சார் சொன்னபோது எனக்கு அந்தப் போர்வைதான் ஞாபகம் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கித் துடைத்தேன். இரண்டு தந்தி அறுந்திருந்தது. புதுத் தந்தி என்ன விலை என்று அக்காவிடமே போனில் கேட்டேன். எதுக்குடா என்றாள். சும்மாதான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கடை பெயர், எந்தத் தந்தி எத்தனை வாங்க வேண்டும் என்று எல்லாம் மடமடவென்று சொன்னாள்.

ஒன்றும் மறக்கவில்லை அவள்.